பல வண்டிகளின் பாகங்களைச் சேர்த்து ஒரு சிறிய என்ஜின் கட்டுவது: ஆர்.எக்ஸ். 100 கிராங்க் கேஸில் 58 மி.மீ. பிளாக்

பெரம்பூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அப்பா 1991இல் வாங்கிய யமஹா ஆர்.எக்ஸ். 100 இன்றும் எங்கள் வீட்டு வாசலில் ஒரே உதையில் கிளம்புகிறது. அதன் என்ஜினில் கை வைக்க எனக்குத் துணிவும் இல்லை, அனுமதியும் இல்லை. அதனால் அதை அப்படியே விட்டுவிட்டு, பழைய பாகங்களை ஒவ்வொன்றாகச் சேகரித்து இரண்டாவதாக ஓர் என்ஜினை என் கையாலேயே கட்டிப் பார்க்க வேண்டும் என்று ஓராண்டாக எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

புதுப்பேட்டையில் இதுவரை இரண்டு பொருள்கள் வாங்கியிருக்கிறேன். ஒன்று, கியர்களோடு சேர்ந்த ஆர்.எக்ஸ். 100 கிராங்க் கேஸ் (என்ஜினின் அடிப்பெட்டி). மற்றொன்று, வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு). கையால் சுற்றிப் பார்த்தால் பேரிங்கில் சத்தம் எதுவும் இல்லை. 98 சிசிக்குப் பதிலாக ஆர்.எக்ஸ். 135இன் 58 மி.மீ. பிளாக்கை (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் பகுதி) இதன்மேல் உட்கார வைப்பது என் திட்டம். ஆர்.எக்ஸ். 100இன் ஹெட் (சிலிண்டரின் மேல் மூடி) ஒன்று வீட்டில் கிடக்கிறது, அதையே பயன்படுத்திக்கொள்ளலாமா? பிளாக் வாங்குவதற்கு முன் எவற்றையெல்லாம் அளந்து பார்க்க வேண்டும்? கிராங்கைப் பிரித்துப் பார்ப்பது அவசியமா? என்ஜின் ஓடத் தொடங்கிவிட்டால் மாதத்தில் ஓரிரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் வண்டியிலேயே பொருத்தி ஓட்டலாம் என்ற ஆசையும் இருக்கிறது. மைக்ரோமீட்டர், வெர்னியர், ஃபீலர் கேஜ் ஆகியவை என்னிடம் உள்ளன. இந்த வேலையில் அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடன் ஏற்றுக்கொள்வேன்.

கடைசல்பட்டறை எழுதியது:

தம்பி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அம்பத்தூரில் சிலிண்டரைக் கடைந்து போர் போடும் பட்டறையில் நின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் திட்டம் நடக்காத காரியம் அல்ல. ஆனால் இந்த வேலையில் பணமும் நேரமும் போவது பாகம் வாங்குவதில் அல்ல, ஒரு பாகத்தை மற்றொன்றோடு ஒத்துப்போக வைக்கும் லேத் வேலையில்தான். இதைப் பலரும் பாதி வழி வந்த பிறகுதான் புரிந்துகொள்கிறார்கள்.

நீங்கள் தேர்ந்தெடுத்த இணை நல்ல இணை. கலப்புப் பாகங்களில் என்ஜின் கட்ட விரும்புபவர் முதலில் பார்க்க வேண்டியது ஸ்ட்ரோக்கை. ஆர்.எக்ஸ். 100இன் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50, ஸ்ட்ரோக் 50 மி.மீ.; ஆர்.எக்ஸ். 135இல் போர் 58, ஸ்ட்ரோக் அதே 50. கம்பெனிக்காரர்களே இந்த வழியில்தான் போயிருக்கிறார்கள். நம் திருவொற்றியூரில் செய்த புல்லட்டை எடுத்துக்கொள்ளுங்கள்: 350க்கும் 500க்கும் ஸ்ட்ரோக் 90 மி.மீ.தான், போர் மட்டும் 70இலிருந்து 84 ஆனது. பழைய பல்சர் 150உம் 180உம் 56.4 மி.மீ. ஸ்ட்ரோக்கில் 57, 63.5 என்ற இரண்டு போர்களைக் கொண்டவை. ஸ்ட்ரோக் மாறாவிட்டால் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் மாறாது. சிலிண்டர் சுவரில் உள்ள வழிகளான போர்ட்டுகள் திறந்து மூடும் நேரத்தைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய தலைவலி பெருமளவு குறைந்துவிடும்.

இனி அளவுகளுக்கு வருகிறேன். பிளாக் வாங்கப் போகும்போது கிராங்க் கேஸையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். கனமாக இருக்கிறதே என்று சலித்துக்கொண்டு காகிதத்தில் அளவு குறித்துச் சென்றவர்கள் மறுநாள் திரும்பிப் போயிருக்கிறார்கள். பிளாக்கின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்லீவின் வெளிவிட்டத்தையும், கேஸின் வாயின் விட்டத்தையும் மூன்று இடங்களில் அளந்து பாருங்கள். ஸ்லீவ் பெரிதாக இருந்தால் வாயைக் கடைந்து பெரிதாக்க வேண்டும். தட்டினால் இறங்கிவிடும் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள். வாயைக் கடையும்போது இரு பாதி கேஸையும் போல்ட் போட்டு இறுக்கி, கிராங்க் பேரிங் உட்காரும் இடத்தை ஆதாரமாக வைத்துத்தான் மெஷினில் ஏற்ற வேண்டும். மேல் முகத்தை ஆதாரமாக வைத்துக் கடைந்தால், முன்பு யாரோ அரம் போட்டுத் தேய்த்த கோணல் எல்லாம் உங்கள் பிஸ்டனுக்கு வந்து சேரும். கடைந்து முடித்த பிறகு, கேஸிலிருந்து பிளாக்கிற்குக் கலவை ஏறிப் போகும் டிரான்ஸ்ஃபர் வழிகளில் படிக்கட்டு போல விளிம்பு நிற்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

அடுத்தது பிஸ்டன் பின். கனெக்டிங் ராடின் சிறிய முனையும், நீங்கள் வாங்கும் பிஸ்டனின் பின்னும் ஒரே விட்டத்துக்கு உரியவையா என்பதை நீடில் பேரிங்கைப் போட்டுப் பார்த்தே முடிவு செய்யுங்கள். பின்னின் மையத்திலிருந்து பிஸ்டனின் தலைவரை உள்ள உயரத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அந்த உயரம் ஒரு மில்லிமீட்டர் கூடினால் பிஸ்டன் ஹெட்டில் மோதும். குறைந்தால் கம்ப்ரஷன் இறந்துவிடும்.

நூறின் ஹெட்டை 58 போரின் மேல் வைக்காதீர்கள். அந்த ஹெட்டின் குழி 50 மி.மீ. போருக்காகக் கடைந்தது. 58இல் வைத்தால் சுற்றிலும் 4 மி.மீ. அகலத்துக்கு ஒரு வளையம் போருக்கு மேலே கூரை போல நிற்கும். பிஸ்டனின் வளைவும் அந்த வளையத்தின் சரிவும் ஒன்றோடொன்று பொருந்தாது. கணக்கிலும் விடையைப் பாருங்கள். பேச்சுக்கு ஹெட்டில் மிஞ்சும் இடம் 15 மில்லி என்று வைத்துக்கொண்டால், 98.2 சிசிக்குக் கம்ப்ரஷன் விகிதம் (கலவை எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்பது) ஏறத்தாழ 7.5. அதே 15 மில்லியை 132.1 சிசிக்கு வைத்தால் 9.8. ஒரு போல்ட்டைக்கூட மாற்றாமல் விகிதம் இவ்வளவு ஏறிவிடுகிறது என்பதை உணராமல்தான் பலர் பிஸ்டனை ஓட்டை போட்டுக்கொள்கிறார்கள். பிளாக், பிஸ்டன், ஹெட் மூன்றையும் ஒரே செட்டாக வாங்குங்கள்.

கிராங்கைப் பற்றிக் கேட்டீர்கள். சத்தம் இல்லை என்பது போதுமான சான்று அல்ல. இரு வி-பிளாக்கில் உட்கார வைத்து, டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பாருங்கள். இரு முனைகளிலும் ஓட்டம் (சுற்றும்போது முள் ஆடும் அளவு) 0.03 மி.மீ.க்குள் இருந்தால் நிம்மதி. அதற்கு மேல் இருந்தால் பிரஸ் உள்ள பட்டறையில் கொடுத்து நேராக்கிக்கொள்ள வேண்டும். பெரிய முனையைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்ப்பதோடு நின்றுவிடாமல், மேலும் கீழுமாக இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் சிறிது அசைவு இருப்பது இயல்பு. மேல்-கீழ் அசைவு மயிரிழை இருந்தாலும் புதிய ராடு கிட் போட்டுவிடுவது நல்லது.

ஸ்பிளெண்டர்பக்தன் எழுதியது:

எனக்கு இது வீண் சிரமம் என்றே தோன்றுகிறது. ஆர்.எக்ஸ். போன்ற டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் பாகங்கள் ஆண்டுக்காண்டு அருகிக்கொண்டு வருகின்றன. நல்ல பிளாக் கேட்டால் விலை கேட்டே மயக்கம் வருகிறது. முதல் என்ஜின் கட்டுபவர், தெருவுக்குத் தெரு பாகம் கிடைக்கும் 97.2 சிசி ஸ்பிளெண்டர் வகை என்ஜினில் கற்றுக்கொள்வதே புத்திசாலித்தனம். அதில் ஒரு தவறு செய்தாலும் மறுநாள் ஜி.பி. ரோட்டில் புதிய பாகம் வாங்கிவிடலாம்.

கடைசல்பட்டறை எழுதியது:

கற்றுக்கொள்ள மட்டும் என்றால் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்த 97.2 என்ஜினின் ஸ்ட்ரோக் 49.5 மி.மீ.; அடுத்த படியான 125 சிசி வண்டியில் ஸ்ட்ரோக் 57.8. ஆகவே மேலே உள்ளதைக் கழற்றிக் கீழே உள்ளதில் போடும் கதை அங்கே நடக்காது. கூடவே டைமிங் செயின், வால்வு, கேம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. டூ ஸ்ட்ரோக்கில் அசையும் பாகம் குறைவு என்பதால் கலப்பு வேலைக்கு அது இடம் கொடுக்கிறது. மன்னிக்காதது காற்றுக் கசிவையும் எண்ணெய்க் குறைவையும் மட்டுமே.

ரீட்வால்வு எழுதியது:

மேலே ஐயா கடைசியாகச் சொன்ன காற்றுக் கசிவைப் பற்றி, அதற்கு விலை கொடுத்தவன் என்ற உரிமையில் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், இரண்டு டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் பாகங்களை வைத்து நானும் ஒரு என்ஜின் கட்டினேன். மேக்னெட் பக்கத்துக் கிராங்க் ஆயில் சீலுக்குச் சரியான அளவு கிடைக்கவில்லை. உள்விட்டம் பொருந்தி, வெளிவிட்டம் சற்றுக் குறைவாக இருந்த ஒரு சீலை வாங்கி, சுற்றிலும் பசை தடவி அழுத்தி விட்டேன். என்ஜின் முதல் உதையிலேயே கிளம்பியது. பெருமை தாங்கவில்லை. கவனித்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்: ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ஆர்பிஎம் உடனே இறங்காமல், தயங்கித் தயங்கிச் சில நொடிகள் கழித்தே இறங்கியது. அதை நான் கார்புரேட்டரின் குறை என்று நினைத்து ஐட்லிங் திருகை மட்டும் குறைத்துக்கொண்டே போனேன்.

ஒரு விடியற்காலையில் பூந்தமல்லி தாண்டிப் பெங்களூரு நெடுஞ்சாலையில் நான்காம் கியரில் போய்க்கொண்டிருந்தபோது, என்ஜினின் குரல் ஒரு கணம் இறுகி மெலிந்தது. அந்தக் குரல் மாற்றத்தைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். மறுகணம் பின்சக்கரம் கட்டிக்கொண்டது. பழக்கத்தில் இடது கை கிளட்ச்சின் மேலேயே இருந்ததால் பிடித்துவிட்டேன். இல்லையென்றால் இதை எழுத நான் இருந்திருப்பேனா என்பது சந்தேகம். பிரித்துப் பார்த்தபோது, சைலென்சர் பக்கம் இருந்த பிஸ்டனின் முகம் முழுவதும் வெண்ணெயைக் கத்தியால் தடவியது போல அலுமினியம் இழுபட்டு ரிங்கையே மூடியிருந்தது. சீலின் ஓரமாக உள்ளே போன காற்று கலவையை மெலிய வைத்துவிட்டது. பெட்ரோலோடு சேர்ந்துதான் ஆயிலும் வருகிறது என்பதால் இரண்டும் ஒருசேரக் குறைந்துவிட்டன.

அன்றிலிருந்து நான் செய்யும் சோதனை இது. என்ஜினை முழுவதும் கட்டிய பிறகு, கார்புரேட்டர் வழியையும் சைலென்சர் வழியையும் ரப்பர் அடைப்பான் வைத்து இறுக்கி மூடுகிறேன். பிஸ்டனை டிரான்ஸ்ஃபர் போர்ட் திறந்திருக்கும் நிலையில் நிறுத்துகிறேன். ஓர் அடைப்பானில் சிறு குழாய் செருகி, அதில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் ரப்பர் பந்தையும் முள் மீட்டரையும் இணைத்து 300 வரை ஏற்றுகிறேன். 300 மில்லிமீட்டர் பாதரசம் என்பது 0.4 பார், இதற்கு மேல் ஏற்றினால் சீலின் உதடு திரும்பிக்கொள்ளும் என்பதால் இந்தக் கருவியின் எல்லையே நமக்கும் எல்லையாக அமைந்துவிடுகிறது. ஐந்து நிமிடம் முள் பெரிதாக இறங்காமல் நின்றால் என்ஜின் மூடியிருக்கிறது என்று பொருள். இறங்கினால் சோப்பு நுரையைப் பிரஷால் கேஸ் இணைப்பிலும், பிளாக்கின் அடி பேக்கிங்கிலும், சீல்களைச் சுற்றியும் தடவிப் பாருங்கள். எங்கே குமிழ் விடுகிறதோ அங்கே குற்றவாளி. (இந்தக் கருவியை வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லாமல் எடுத்துவிட்டு, பிறகு ஆயில் நாற்றத்தோடு திருப்பி வைக்காதீர்கள். அதற்காக நான் வாங்கிய வசவு தனிக் கதை.)

கிளட்ச் பக்கத்துச் சீல் கசிந்தால் காற்றுக்குப் பதில் கியர் ஆயிலை உறிஞ்சும். வெள்ளைப் புகை ஓயாமல் வரும், கியர் ஆயில் அளவு மெல்லக் குறையும். இரண்டு சீல்களையும் புதிதாகவே போடுங்கள். பெயர் தெரியாத மலிவுச் சரக்கு வேண்டாம்.

ஆர்சிபுத்தகம் எழுதியது:

தொழில்நுட்பத்தில் நான் தலையிடவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் வண்டியில் பொருத்தி ஓட்டலாம் என்ற கடைசி வரியைப் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழில் (ஆர்.சி.) உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறுபடும்படி உரிமையாளர் வாகனத்தை மாற்றியமைக்கக் கூடாது. அப்பாவின் ஆர்.சி.யில் 98 சிசி என்று இருக்கும். உங்கள் என்ஜின் 132 சிசி. தவிர, என்ஜின் எண் கிராங்க் கேஸில்தான் அடிக்கப்பட்டிருக்கிறது. புதுப்பேட்டையில் வாங்கிய கேஸ் வேறொருவர் வண்டியின் எண்ணைச் சுமந்துகொண்டிருக்கும். வாகனத்தின் அடிப்படை விவரங்களை மாற்ற இயலாது என்பதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு தீர்ப்பில் வலியுறுத்தியது. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தம் 182ஏ பிரிவைப் புதிதாக மாற்றி எழுதியது. அதன்படி அனுமதியற்ற மாற்றம் செய்த உரிமையாளருக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடம் உண்டு. இங்கே உரிமையாளர் என்பது உங்கள் அப்பா என்பதையும் கவனியுங்கள். விபத்து ஏதும் நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்க்கும் இடமும் இந்த எண்தான்.

கேஸ் வாங்கியதற்கு ரசீது வைத்திருக்கிறீர்களா? எண் அழிக்கப்பட்டிருந்தாலோ, மறுபடி அடித்தது போல எழுத்துகள் வரிசை தப்பியிருந்தாலோ, அந்தக் கேஸை விட்டுவிடுவதே நல்லது. திருட்டு வண்டியின் கேஸாக இருந்தால், நீங்கள் ஆசையாகக் கட்டிய என்ஜினைக் காவல் நிலையத்தில் வைத்துவிட்டு வர வேண்டியிருக்கும்.

பெரம்பூர்வாசி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆர்.சி. விஷயத்தை நான் நினைத்தே பார்க்கவில்லை. ரசீது இருக்கிறது, எண்ணும் தெளிவாக இருக்கிறது. அப்பாவின் வண்டியில் பொருத்தும் எண்ணத்தைக் கைவிட்டேன். நண்பன் ஒருவன் இருங்காட்டுக்கோட்டை ஓடுதளத்துக்கென்றே ஒரு சட்டகத்தை வைத்திருக்கிறான். அது ஒருபோதும் சாலையில் ஓடாது, லாரியில்தான் ஏறிப் போகும். என்ஜின் அதற்கே போகட்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க வேண்டும். சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் பார்க்கப் போன கதைகளை அன்று இரவு பத்து மணி வரை சொன்னார்.

ஐயா சொன்னபடி கேஸைத் தூக்கிக்கொண்டே போனேன். நான்கு கடைகள் ஏறி இறங்கிய பிறகு, புதிய ஸ்லீவ் போட்டு 58.00 மி.மீ.க்குக் கடைந்த ஒரு பிளாக்கும் அதற்குரிய ஹெட்டும் கிடைத்தன. ஸ்லீவ் புதிது என்பதால் அதன் வெளிவிட்டம் தடிப்பாகவே இருந்தது. கேஸின் வாயைக் கடைய வேண்டியதாயிற்று. பட்டறையில் அவர்கள் மேல் முகத்தை வைத்தே மெஷினில் ஏற்றப் பார்த்தார்கள். பேரிங் இடத்தை ஆதாரமாக வையுங்கள் என்று நான் சொன்னதும், எந்தப் பட்டறையில் வேலை பார்க்கிறாய் என்று கேட்டார்கள். கணிப்பொறி நிறுவனத்தில் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

கிராங்கின் ஓட்டம் ஒரு முனையில் 0.02, மறுமுனையில் 0.07 இருந்தது. பிரஸ்ஸில் கொடுத்துப் புதிய ராடு கிட்டோடு 0.02க்குக் கொண்டுவந்தேன். சுமார் 40 கிராம் கூடுதலாக இருக்கும் புதிய பிஸ்டனைப் பற்றி அங்கே இருந்த பெரியவரே கேட்டார். அதிர்வு பொறுக்க முடியாமல் போனால் மட்டும் கிராங்கின் எடையில் கை வைக்கலாம் என்றார்.

அழுத்தச் சோதனையில் முள் ஒரே நிமிடத்தில் 300இலிருந்து 180க்கு இறங்கியது. சோப்பு நுரை போட்டதில் சீல்கள் இரண்டும் நன்றாக இருந்தன. ரீட் வால்வு (கலவையை உள்ளே மட்டும் விடும் ஒருவழித் தகடு) உட்காரும் முகத்தின் கீழ் ஓரத்தில் பட்டாணி அளவுக்குக் குமிழ் விட்டுக்கொண்டே இருந்தது. அந்த முகம் நடுவில் குழிந்திருந்தது. கண்ணாடித் தகட்டின் மேல் எமரித் தாளை ஒட்டித் தேய்த்துச் சமப்படுத்திய பிறகு, ஐந்து நிமிடத்தில் பத்துப் புள்ளிகூட இறங்கவில்லை.

ஹெட்டின் இடத்தையும் அளந்தேன். பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, ரிங்கின் ஓரத்தில் கிரீஸ் தடவி, 10 மில்லி ஊசிக் குழலால் பிளக் ஓட்டை வழியாக ஆயில் விட்டேன். பிளக்கின் கடைசிப் புரிவரை 13.2 மில்லி பிடித்தது. (132.1 + 13.2) ÷ 13.2 என்று கணக்கிட்டால் விகிதம் 11.0 வருகிறது. மேனுவல்களில் ஜப்பானிய டூ ஸ்ட்ரோக்குகளுக்கு ஆறு, ஏழு என்றுதான் பார்த்த நினைவு. இது ஆபத்தான அளவா? பிஸ்டனின் விளிம்பில் ஈயக் கம்பியை வைத்து நசுக்கிப் பார்த்ததில் ஸ்குவிஷ் இடைவெளி (பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ளது) 1.4 மி.மீ. வந்தது. அடி பேக்கிங்கை மெலிதாக்கி இதைக் குறைக்கலாமா?

கடைசல்பட்டறை எழுதியது:

தம்பி, வேலை சுத்தமாக இருக்கிறது. 0.07இல் இருந்த கிராங்கைச் சத்தம் வரவில்லை என்று போட்டிருந்தால் ஒரு மாதத்தில் பேரிங்கைக் கேட்டிருக்கும்.

விகிதத்தில் குழப்பம் வேண்டாம். நீங்கள் போட்டது முழு ஸ்ட்ரோக்கின் கணக்கு. ஜப்பானியர்கள் சைலென்சர் போர்ட் மூடிய பிறகு மிஞ்சும் தூரத்தை மட்டுமே கணக்கில் எடுக்கிறார்கள். அதற்கு முன் பிஸ்டன் அழுத்துவதெல்லாம் சைலென்சருக்குள் போய்விடுகிறதே. உங்கள் போர்ட்டின் மேல் விளிம்பு உச்சியிலிருந்து 28 மி.மீ. கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 58 போரின் பரப்பு 26.4 சதுர செ.மீ.; பெருக்கினால் 74 சிசி. அதோடு 13.2ஐக் கூட்டி 13.2ஆல் வகுத்தால் 6.6. ஆகவே பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் காற்றால் குளிரும் என்ஜின், நம் ஊர் மே மாத வெயில் என்ற இரண்டையும் வைத்துப் பார்த்தால் 11க்கு மேல் ஏற்ற நான் சொல்ல மாட்டேன்.

அடி பேக்கிங்கைத் தொடாதீர்கள். பிளாக் இறங்கினால் எல்லாப் போர்ட்டுகளும் சேர்ந்து இறங்கும். அரை மில்லிமீட்டருக்கே சைலென்சர் போர்ட் திறந்திருக்கும் நேரம் இரண்டு டிகிரிக்குச் சற்று மேல் மாறிவிடும். ஸ்குவிஷ் 1.4 என்பது அகலம்தான். அந்த ஓரத்துக் கலவை நடுவுக்குத் தள்ளப்படாமல் அங்கேயே காய்ந்து வெடிக்கும். 1.0க்குக் கொண்டுவர ஹெட்டின் முகத்தில் 0.4 கடைய வேண்டும். அப்படி மட்டும் செய்தால் 1.06 மில்லி குறைந்து விகிதம் ஏறத்தாழ 11.9 ஆகிவிடும். எனவே முகத்தைக் கடைந்த பிறகு நடுக்குழியையும் அதே அளவுக்குப் பெருக்கச் சொல்லுங்கள். ஊசிக் குழலைக் கையோடு எடுத்துப் போங்கள். மெஷினிலிருந்து இறக்குவதற்கு முன்பே அளந்துவிடலாம்.

ரீட்வால்வு எழுதியது:

ஒரு சிறு சேர்க்கை. கார்புரேட்டரின் மெயின் ஜெட்டை (பெட்ரோல் வரும் துளை) முதலில் தேவைக்கு மேல் பெரிதாகவே போட்டு, ஒவ்வோர் எண்ணாகக் கீழே இறங்குங்கள். முழு ஆக்சிலேட்டரில் ஓடும்போதே சாவியை அணைத்து, கிளட்ச்சைப் பிடித்து நின்று, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். ஃபில்டர் காபி நிறம் வந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். வெளுத்தால் ஒரு படி திரும்புங்கள். ஆயில் பம்ப் நூறு சிசிக்கு அமைத்தது என்பதால் முதல் இரண்டு டேங்குக்குப் பெட்ரோலிலும் சிறிது 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில் கலந்துகொள்ளுங்கள்.

பெரம்பூர்வாசி எழுதியது:

ஹெட்டைக் கடைந்து வாங்கி வந்துவிட்டேன். ஸ்குவிஷ் 1.0, இடம் 13.3 மில்லி. நேற்று மாலை மொட்டை மாடியில் இரும்புச் சட்டத்தில் என்ஜினைப் பூட்டி, பதினேழாவது உதையில் கிளம்ப வைத்தோம். நாற்பது நொடி ஓட விட்டு அணைத்தோம். ஆக்சிலேட்டரை விட்டதும் ஆர்பிஎம் தயங்காமல் இறங்கியது. கீழ் வீட்டுக்காரர் மேலே ஏறி வந்தார். திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தோம். இது ஆர்.எக்ஸ். சத்தம்தானே என்று கேட்டுவிட்டு இன்னொரு முறை கிளப்பச் சொன்னார். இந்த முறை உதைத்தது அப்பா. ஒரே உதையில் கிளம்பியது.